வேறு வாசலில் வந்து நிற்கும் நோய்கள்

சர்க்கரை நோயாளி என்றதும் நம் மனத்தில் ஓர் உருவம் எழும். நாற்பதைத் தாண்டியவர், வயிறு சற்றே முன்தள்ளியவர், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தவர், ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறவர். தைராய்டு என்றால் கழுத்து வீங்கிய பெண். இந்த உருவங்கள் பொய்யல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு அது உண்டு. இவர்களில் பெரும்பாலோர் அந்த உருவத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அடங்காதவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அப்படி அடங்காதவர்கள் முதலில் சுகர் டாக்டரிடம் வருவதில்லை. காலையில் எழுந்தால் கால் அசையவில்லை என்று ஒரு இளைஞரை நரம்பு மருத்துவரிடம் தூக்கிப் போகிறார்கள். வயிற்றுவலியில் துடிக்கும் பள்ளிச் சிறுமி அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறாள். விடியற்காலையில் சம்பந்தமில்லாமல் பேசுகிறவரைக் கோடாங்கியிடம் அழைத்துப் போகிறார்கள். அடிக்கடி மயங்கி விழும் அம்மாவுக்கு இசிஜி எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். எல்லாமே சுரப்பிகளின் கோளாறுதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வாசலில் வந்து நிற்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே, காரைக்குடி சாலையில் இருக்கும் திருமயம் போன்ற ஒரு வட்டத் தலைநகரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கண்மாயையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிய நெல் விவசாயம், வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆண்கள், ஊரில் இருக்கும் முதியவர்கள். ஹார்மோன் நிபுணர் இருப்பது திருச்சியிலோ மதுரையிலோதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு நோயை அரிது என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அரிது என்று பாடநூல் சொல்வதில் பாதி, எங்கோ குளிர்நாட்டில் உட்கார்ந்து எழுதப்பட்ட கணக்கு. மீதியில் பெரும்பகுதியைக் கண்டுபிடிக்க ஒரு குளுக்கோமீட்டரும், சோடியம், பொட்டாசியம், கால்சியம் பார்க்கும் ஆய்வகமும், ஒரு எக்ஸ்ரேயும், நாலைந்து கேள்விகளும் போதும்.

ஒல்லியான சர்க்கரை நோயாளியிலிருந்து தொடங்கலாம். எலும்பும் தோலுமாக இருபத்தைந்து வயதில் ஒருவர் வருகிறார். சர்க்கரை 400க்கு மேல். இளவயது, ஒல்லி உடல், ஆகவே முதல் வகை நீரிழிவு என்று எழுதத் தோன்றும். முதல் வகையென்றால் இன்சுலின் இல்லாமல் சில நாட்களிலேயே ரத்தத்தில் கீட்டோன் ஏறி, மூச்சு வாங்கி, உயிருக்கு ஆபத்து வந்திருக்க வேண்டும். இவருக்கோ மாதக்கணக்கில் சர்க்கரை உயர்ந்திருந்தும் கீட்டோன் இல்லை. இரண்டாம் வகை என்று மாத்திரை கொடுத்தாலும் சரிவரப் பிடிபடுவதில்லை. 1955இல் ஜமைக்காவில் ஹியூ ஜோன்ஸ் என்ற மருத்துவர் இப்படிப்பட்டவர்களைப் பார்த்து ‘ஜே வகை’ என்று பெயரிட்டார். உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய நீரிழிவு என்று தனி வகையாகச் சேர்த்தது. போதிய சான்று இல்லை என்று 1999இல் நீக்கியும் விட்டது. வகை போயிற்று, நோயாளிகள் போகவில்லை.

அவர்களை விடாமல் பின்தொடர்ந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே நிஹால் தாமஸ் குழுவினரும், நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து செய்த ஆய்வு 2022இல் வெளியானது. இந்த ஒல்லி நோயாளிகளின் உடல் முதல் வகையைப் போலத் தன் கணையத்தைத் தானே அழிக்கவில்லை. இரண்டாம் வகையைப் போல இன்சுலினுக்கு மசியாத உடலும் அல்ல. இன்சுலின் சுரப்பதுதான் மோசமாகக் குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் வேலூரில் பன்னாட்டு வல்லுநர்கள் கூடினார்கள். அதே ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றது. உலகில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடிப் பேர் வரை இப்படி இருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. அத்தனை பேருக்கு இருக்கும் ஒன்றை அரிது என்று எப்படிச் சொல்வது?

எல்லா வல்லுநர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இதை உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை கிடையாது, மற்ற வகைகள் அல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்தே இங்கு வர வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனாலும் பெயர் வைத்தது நல்லது என்றே நினைக்கிறேன். காரணம் நடைமுறை சார்ந்தது. முதல் வகை என்று எண்ணி இந்த உடலுக்குப் பெரிய அளவில் இன்சுலின் எழுதிக் கொடுத்தால், மூன்று வேளைச் சோறு உறுதியில்லாத வீட்டில் சர்க்கரை தாழ்ந்து ஆள் போய்விடுவார். சிறிய அளவு இன்சுலின், வயிறார உணவு, புரதம் என்று சிகிச்சையின் வரிசையே இங்கு மாறுகிறது.

இதே ஒல்லி உடலோடு வரும் இன்னொரு நோயையும் இங்கே பிரித்தறிய வேண்டும்: கணையத்தில் கல் அடைந்து வரும் நீரிழிவு. 1959இல் இந்தோனேசியாவில் சூய்டமா இதை விவரித்தார். பிறகு கேரளத்தில் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்து இதற்கு முழு வடிவம் கொடுத்தார். மரவள்ளிக்கிழங்கில் உள்ள சயனைடுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். கிழங்கையே தொடாதவர்களுக்கும் வந்ததால் அந்தக் கருத்து தளர்ந்தது. ஸ்பின்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கு இதில் பங்கு உண்டு என்று பின்னர் தெரியவந்தது. தமிழ்நாட்டில் இன்று நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது இருக்கிறது. ஆனால் அந்த ஒருவரைத் தவறவிடக் கூடாது. கேட்க வேண்டியவை இரண்டு: “சின்ன வயசுல அடிக்கடி வயித்துவலி வந்து, முதுகு வரைக்கும் இழுத்துச்சா?” “மலம் எண்ணெய்ப் பசையா, தண்ணி ஊத்தினாலும் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கா?” குடிப்பழக்கம் இல்லாத ஒருவர் இரண்டுக்கும் ஆம் என்றால் வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் போதும். இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று, பட்டாணி அளவிலும் அதற்கு மேலும் கற்கள் வரிசையாகத் தெரியும். பிறகு இன்சுலினோடு செரிமான நொதி மாத்திரையும் வேண்டும். இவர்களுக்குக் கணையப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தும் எடை குறைந்தாலோ கண் மஞ்சளித்தாலோ காத்திருக்கக் கூடாது.

அடுத்தது கைக்குழந்தைகளின் நீரிழிவு. இந்தியாவில் நீரிழிவுக்கென்று முதல் தனிப்பிரிவை 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் தொடங்கினார். அந்த வழியில் வளர்ந்த சென்னை ஆராய்ச்சி மையங்கள் பிற்காலத்தில் மரபணுப் பக்கம் திரும்பின. அதன் பலன் கைக்குழந்தைகளுக்குக் கிடைத்தது. பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்கு நீரிழிவு வந்தால் அது பெரும்பாலும் முதல் வகை அல்ல, ஒற்றை மரபணுப் பிழை. அதில் ஒரு பெரும் பிரிவுக்குக் காரணமான மரபணு 2004இல் அறியப்பட்டது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு கிளிபென்கிளமைடு என்ற பழைய, மலிவான மாத்திரையே கொடுக்கலாம் என்று 2006இல் நிறுவினார்கள். ஒரு ரத்த மாதிரியை அனுப்பி வைப்பதில் ஒரு பிள்ளையின் வாழ்நாள் ஊசி மாறுகிறது. சளி, ஜுரம் என்று வரும் கைக்குழந்தை இடுப்புத்துணியை ஓயாமல் நனைத்தும் நாக்கு வறண்டிருந்தால் குதிகாலில் ஒரு குத்து குத்திச் சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

இனி வருவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. பிரசவத்தின்போது கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது கருகிப்போகலாம். ஷீஹன் என்ற மருத்துவர் 1937இல் இதை விவரித்தார், அவர் பெயரே நோய்க்கு நின்றது. அந்தத் தாய் பிழைத்துக்கொள்கிறாள். பால் ஊறுவதில்லை. மாதவிலக்கு திரும்புவதில்லை. அக்குள் முடி உதிர்கிறது, குளிர் தாங்குவதில்லை, எந்நேரமும் அசதி. பிள்ளை பெற்ற உடம்பு என்று வீடு சமாதானம் சொல்லிக்கொள்கிறது. பத்து, இருபது ஆண்டு கழித்து ஒரு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வரும்போது அவள் சுருண்டு விழுகிறாள். ரத்த அழுத்தம் கீழே, சோடியம் கீழே, சர்க்கரையும் கீழே. காஷ்மீரில் ஜர்கர் என்ற மருத்துவரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டிலேயே பிரசவம் நடந்திருந்தது.

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆகவே இது பழங்கதை என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி அல்ல. மருத்துவச்சியின் கையில், மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளை பெற்ற பெண்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் திருமயம் சுற்று வட்டாரத்தில் உயிரோடு இருக்கிறார்கள். சோடியம் குறைந்து மயங்கி வரும் அந்த வயதுப் பெண்ணிடம், அல்லது உடன் வந்த மகளிடம், கேட்க வேண்டும்: “கடைசிப் பிள்ளை பிறந்தப்ப ரத்தம் நெறையப் போச்சாம்மா? பால் குடுத்தீங்களா? அதுக்கப்புறம் தீட்டு வந்துச்சா?” முப்பது வருடத்துக்கு முந்தைய பதில்தான் இன்றைய நோயைச் சொல்லும். இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. தைராய்டு குறைவு என்று மட்டும் தெரிந்து தைராக்சின் மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டால், பிட்யூட்டரி கெட்டதால் ஸ்டீராய்டும் சுரக்காத உடல் அதைத் தாங்காமல் சரிந்துவிடும். முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்சின்.

ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போவதும் இதன் பக்கத்தில் நிற்கும் நோய். 1855இல் தாமஸ் அடிசன் எழுதிய நோய் அது. அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காசநோய் சுரப்பியை அரித்திருந்தது. மேலைநாட்டில் அந்தக் காரணம் பின்னுக்குப் போயிற்று, நம் ஊரில் போகவில்லை. அடையாளம் தோல் கருப்பது. கருத்த தோல்காரர்கள் வாழும் ஊரில் இதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்கலாம். உள்ளங்கை ரேகைகளைப் பாருங்கள், ஈறுகளைப் பாருங்கள், பழைய தழும்பைப் பாருங்கள்: அங்கெல்லாம் புதிதாக மை படிந்தாற்போல இருக்கும். “வெயில்ல வேலை செஞ்சு கருத்துட்டான்” என்று வீட்டார் சொன்னால், வெயில் படாத இடத்தைப் பார்க்க வேண்டும். இவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் உடலில் மிஞ்சியிருக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டையும் விரைவாகக் கரைத்துவிடும். மருந்து தொடங்கிய சில நாட்களில் நோயாளி முன்னைவிட மோசமானால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவதற்கு முன் அட்ரினலை நினைக்க வேண்டும்.

சுரப்பி சுருங்குவதற்கு இன்னொரு காரணம் நம் கைகளாலேயே வருகிறது. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் முறையான பதிவில்லாமல் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. சத்துக்கென்றும் சதை போடுவதற்கென்றும் டெக்சாமெத்தசோன் மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறவர்களும் உண்டு. முகம் வட்டமாகிறது, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுகின்றன, புதிதாகச் சுகர் வருகிறது. பயந்து ஒருநாள் சட்டென்று நிறுத்தும்போதுதான் பெரிய ஆபத்து: தூங்கிக் கிடந்த அட்ரினல் எழுந்திருக்காது, ஆள் சரிந்துவிடுவார். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களே இந்தப் பொடிகளால் அதிகம் மனம் நொந்திருப்பவர்கள். நோயாளியைத் திட்டினால் பொடியை மறைத்துவிடுவார். அடுத்த முறை அந்தப் பொட்டலத்தையே கொண்டுவரச் சொல்வதுதான் வழி.

திடீர் நெருக்கடிகள் பலவகை. புதுக்கோட்டைச் சீமையில் ஆடி மாத மொய்விருந்து பெயர்போனது. விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு இரவில் படுத்த முப்பது வயது ஆள், காலையில் இரண்டு காலும் அசையாமல் கிடக்கிறார். நினைவு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது. பக்கவாதம் என்று கத்துகிறார்கள். பொட்டாசியம் 2க்குக் கீழே இருக்கும். இதன் பின்னால் இருப்பது அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு. ஆசிய ஆண்களிடம் அதிகம் காணப்படும் நோய் இது. மாவுச்சத்து மிகுந்த சாப்பாடும், கடும் உழைப்புக்குப் பிந்தைய ஓய்வும் தூண்டிவிடும். பொட்டாசியத்தை நிதானமாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பின்னர் அது எதிர்ப்பக்கம் எகிறி இதயத்தை நிறுத்திவிடும். தைராய்டைச் சரிசெய்தால் இந்த முடக்கம் திரும்ப வருவதில்லை.

வயதான பெண் ஒருவரின் ஒரு பக்கத்துக் கையும் காலும் தானாக வீசி வீசி ஆடுகின்றன, நிறுத்த முடியவில்லை. பல வீடுகளில் இதைச் சாமி வந்ததாகவும் எடுத்துக்கொள்வார்கள். சர்க்கரை 500ஐத் தாண்டியிருக்கும், ஸ்கேனில் மூளையின் எதிர்ப்பக்க ஆழத்தில் ஒரு வெண்மை தெரியும். அதை ரத்தக்கசிவு என்று தவறாகப் படிப்பதும் நடக்கிறது. சர்க்கரை இறங்கினால் பெரும்பாலும் ஆட்டம் அடங்கும். அதிக சர்க்கரையில் உடலின் ஒரு பக்கம் மட்டும் விடாமல் துடிப்பதும் உண்டு. வலிப்பென்று ஃபெனிடாயின் கொடுத்தால் அது இன்சுலின் சுரப்பை மேலும் தடுக்கும். இங்கேயும் இன்சுலின்தான் மருந்து.

எதிர்த்திசையில், சர்க்கரை தாழ்ந்தவர் பக்கவாதக்காரர் போலவே வாய் கோணி வருவார். சிறுநீரகம் தளர்ந்த முதியவர், சுகர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுவிட்டு வைகுண்ட ஏகாதசிக்குத் திருமயத்துச் சத்தியமூர்த்திப் பெருமாளை நினைத்துப் பட்டினி கிடந்தால் அன்று மாலையே இது நடக்கலாம். விரதத்தை விடச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று முதல்நாளே சொல்லித்தர வேண்டும். சுகரே இல்லாத ஒருவர் தினமும் விடியலில் மட்டும் உளறி, காபி குடித்ததும் தெளிந்தால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் சிறு கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உளறும் அந்த நேரத்தில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம், கோடாங்கி சொன்னதற்கெல்லாம் பதில் சொல்லிவிடும். குழந்தைகளின் கீட்டோன் நஞ்சு, குடல்வால் அழற்சி போன்ற வயிற்றுவலியோடு அல்லது நிமோனியா போன்ற மூச்சிரைப்போடு வருவது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் தவறுவதால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கால்சியம் குறைவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வலிப்பு என்று பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிடும் ஒருவர். மாத்திரை கேட்கவில்லை. இளவயதிலேயே கண்புரை. இவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, மேல் அழுத்தத்தைவிட 20 மி.மீ. கூட ஏற்றி, மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. பிறகு விரல்கள் மரத்துப்போகிறது என்பார். மெல்ல மணிக்கட்டு உள்நோக்கி வளையும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடியும், மற்ற விரல்கள் நீட்டியபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பட்டையைத் தளர்த்தியதும் கை பழையபடி திரும்பும். ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறது என்பதற்கு இது வலுவான சாட்சி; பாராதைராய்டு சுரப்பி வேலை செய்யாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கழுத்தில் பழைய தைராய்டு அறுவைத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, ரத்தத்தில் கால்சியம் சோதித்தால் முடிந்தது. கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தபின் வலிப்பு மாத்திரையையே விட முடிந்தவர்கள் இருக்கிறார்கள். இதே சுரப்பி மிகையானால் எதிர்மாறு: திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல், லேசான இடறலில் எலும்பு முறிவு.

நீரிழிவு தனக்கு வேறொரு நோயைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளும் விதமும் உண்டு. 2021 மே மாதத்தில் கோவிட்டோடு சேர்ந்து கருப்புப் பூஞ்சை வந்ததை நாடே பார்த்தது. அதைவிட அமைதியாக இருப்பது மெலியாய்டோசிஸ். 1912இல் ரங்கூனில் விட்மோர் விவரித்த கிருமி, சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடவில் இறங்கும் சர்க்கரை நோயாளி இதற்கு முதல் இலக்கு. வாரக்கணக்கில் காய்ச்சல், நுரையீரலில் நிழல், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ். சளியில் காசநோய்க் கிருமி இல்லாமலே காசநோய் மருந்து தொடங்கப்படுகிறது. ஆய்வகமும் இதைச் சூடோமோனாஸ் என்று தவறாகப் பெயரிடுவதுண்டு. ஆகவே மாதிரியை அனுப்பும் சீட்டிலேயே “மெலியாய்டோசிஸ் சந்தேகம், விவசாயி, நீரிழிவு உண்டு” என்று எழுதிவிட வேண்டும். சரியான ஊசி மருந்து இரண்டு வாரம், பிறகு மாத்திரை மூன்று மாதத்துக்குக் குறையாமல். பாதியில் விட்டால் திரும்ப வரும். கண்மாய்ப் பாசன ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் வரும் நீடித்த காய்ச்சலுக்கு இதையும் பட்டியலில் சேர்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

தைராய்டு வற்றியவர்கள் மனநோயாளிகளாக வருவதை ரிச்சர்ட் ஆஷர் 1949இலேயே 14 பேரை வைத்து எழுதிக் காட்டினார். இளவயதில் விட்டு விட்டுப் படபடப்பு, தலைவலி, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் என்றால் அட்ரினல் கட்டியை நினைக்க வேண்டும். இவற்றுக்குத் தனித்தனிக் கட்டுரை வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், குளுக்கோமீட்டரோடு வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். யாருக்குச் சர்க்கரை ஒருநாள் 450, மறுநாள் 60 என்று அலைகிறது, யார் மாத்திரை சாப்பிட்டும் உருகிப்போகிறார் என்பது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். அப்படிப்பட்டவர்களின் பெயரைத் தனித் தாளில் எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுக்கும் வழக்கம் வந்தால், ஒல்லி நோயாளிகள் எத்தனை பேர் என்ற கணக்காவது கிடைக்கும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூர் வரை போக வேண்டியிராத பலவற்றை அங்கேயே முடிக்கலாம். அட்ரினல் நெருக்கடி என்று சந்தேகம் வந்தால் வட்ட மருத்துவமனையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்து, நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டு உப்பு நீர் ஏற்ற வேண்டும். ரத்தம் பின்னால் புதுக்கோட்டைக்குப் போகட்டும். பிழைத்து வீடு திரும்புகிறவரின் கையில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஓர் அட்டை கொடுக்க வேண்டும்: ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரு மடங்கு, வாந்தி எடுத்தால் உடனே ஊசி, 108இல் வருகிறவரிடம் இதைக் காட்டவும்.